தலைக்கட்டு நோட்டில் யார் பெயர்?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில், குடகனாற்றை ஒட்டிய பேரூராட்சி வேடசந்தூர். 1948இல் வந்த புகையிலை ஆராய்ச்சி நிலையத்தாலும், பிறகு நாலாபுறமும் முளைத்த நூற்பாலைகளாலும் வெளியூர்க்காரர்கள் அதை அறிவார்கள். கீழக்கரையோ காயல்பட்டினமோ போல ஊரே முஸ்லிம் ஊராக இருக்கும் இடமல்ல இது. கடைவீதியில் சில கடைகள், பின்னால் சில தெருக்கள், நடுவில் ஒரு பள்ளிவாசல் என்று வாழும் உள்நாட்டு ஊர். தமிழகப் பள்ளிவாசல்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் பட்டினங்களின் கல்தூண் மண்டபங்களிலேயே மயங்கி நின்றுவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். அவர்களில் கணிசமானோர் வேடசந்தூர், வடமதுரை, எரியோடு போன்ற ஊர்களில் சிதறிக் கிடப்பவர்கள். அவர்களுக்குப் பள்ளிவாசல் என்னவாக இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

ஐந்து வேளைத் தொழுகைக்கான இடம் என்பது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். தொழுகையை வீட்டிலும் கடையிலும் வயலிலும்கூட நிறைவேற்றலாம். வீட்டில் நடத்த முடியாத சில காரியங்கள் உண்டு: கல்யாணத்துக்கு ஊர் சாட்சி சொல்வது, மய்யத்துக்குக் குழி வெட்ட இடம் தருவது, அண்ணன் தம்பி சொத்துச் சண்டையில் நடுவில் உட்காருவது. இவற்றையெல்லாம் செய்வது பள்ளிவாசலின் ஊர்ச் சபையான ஜமாஅத். அந்த ஜமாஅத்தின் அதிகாரம் மிம்பர் என்னும் பிரசங்க மேடையில் இருப்பதைவிட, அலுவலக அலமாரியில் இருக்கும் குடும்பப் பட்டியலான தலைக்கட்டு நோட்டில்தான் அதிகம் இருக்கிறது. பள்ளிவாசலின் பலம், பலவீனம் இரண்டையும் அந்த நோட்டை வைத்தே படித்துவிடலாம் என்பது என் கணிப்பு.

இந்த வட்டார முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ராவுத்தர்கள். தமிழ் பேசுபவர்கள், ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள், தகப்பனை அத்தா என்று அழைப்பவர்கள். கடற்கரையின் ஷாஃபி மரபிலிருந்து தொழுகை முறையில் சில நுணுக்கங்களில் வேறுபடுவார்கள். திண்டுக்கல்லின் தோல் தொழிலையும் தோல் வியாபாரத்தையும் வளர்த்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. திண்டுக்கல்லைப் பொறுத்தவரை உருது பேசும் முஸ்லிம்களின் வரலாறு ஹைதர் அலியோடு சேர்த்துப் பேசப்படுவது. 1755இல் ஹைதர் மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்தார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருப்பதால்தான் அந்தப் பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர். பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்கு நவாபு காலத்துப் பெருமை இருக்கிறது. வேடசந்தூர் மாதிரி ஊர்ப் பள்ளிகளுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. வியாபாரிகளும் விவசாயிகளும் காசு போட்டுக் கட்டியவை அவை.

தலைக்கட்டு என்பது ஒரு குடும்பத் தலைவர், அவர் வீடு. கல்யாணம் ஆகித் தனிக்குடித்தனம் போன மகன் புதுத் தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டும் மாதமோ வருடமோ ஒரு தொகை கட்ட வேண்டும். அதைச் சந்தா என்றும் வரி என்றும் சொல்வார்கள். தொகை பெரியதல்ல. வசதி குறைந்தவருக்குத் தள்ளுபடியும் உண்டு. ஆனால் பாக்கி விழுந்தால் அது நோட்டில் ஏறி நிற்கும். வருடக்கணக்கில் கட்டாமல் இருந்தவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த மறுநாள் செயலாளர் வீட்டு வாசலில் நிற்பார். “பாக்கியைப் பார்த்துச் சொல்லுங்க பாய், தீர்த்துடுறேன்” என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாத ஒரு வரி இத்தனை காலம் வசூலாகிறது என்றால், அதற்குக் காரணம் பக்தி மட்டும் என்று நான் நம்பவில்லை. கல்யாணமும் சாவும் இல்லாத வீடு கிடையாது என்பதுதான் காரணம்.

நிக்காஹ் நடக்க இரண்டு ஊர் ஜமாஅத்துகளின் சம்மதம் தேவை. மாப்பிள்ளை ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் வர வேண்டும்: இன்னார் மகன் இன்னார், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், இவருக்கு நிக்காஹ் செய்து வைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இந்த நாலு வரிக் கடிதம் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் மனைவி இருப்பதை மறைத்துப் பெண் கேட்டு வந்தவன் இந்த இடத்தில்தான் சிக்குவான். பிறகு தஃப்தர் என்னும் பதிவேட்டில் மணமக்கள் பெயர், வலீ (மணமகளின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் கொடை) தொகை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல் வந்து எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தப் பதிவேடுகள் இருந்தன. இன்றும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறவர் கையில் திருமணம் நடந்ததற்கான அத்தாட்சியாக இருப்பது ஜமாஅத் தந்த சான்றுதான்.

இதே தஃப்தரின் ஓரத்தில் ஒரு கறையும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய கைக்கூலியில் பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு என்று சில ஊர் ஜமாஅத்துகள் வசூலித்த காலம் இருந்தது. மார்க்கம் பெண்ணுக்கு மஹர் கொடு என்கிறது; ஊர் பெண்ணிடமிருந்து வாங்கு என்றது; பள்ளிவாசல் அதில் பங்கு கேட்டது. தொண்ணூறுகளுக்குப் பிறகு நடந்த வரதட்சணை எதிர்ப்புப் பிரச்சாரத்தால் அந்த வழக்கம் வெட்கப்பட்டு ஒதுங்கியது. வரதட்சணை ஒதுங்கிவிட்டதா என்று கேட்டால், நகைக்கடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

மரணத்தில்தான் பள்ளிவாசலின் முழு உருவம் தெரியும். செய்தி வந்ததும் மைக்கில் அறிவிப்பு வரும். இப்போது அதற்கும் முன்பே வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிடுகிறது. கபர்ஸ்தானில் குழி வெட்ட ஆள் போகும், சந்தூக்குப் பெட்டி வீட்டுக்கு வரும், குளிப்பாட்டத் தெரிந்தவர் வருவார், கஃபன் துணி வரும். இறந்தவர் கோடீஸ்வரரா, கறிக்கடையில் கூலிக்கு வெட்டுபவரா என்ற வித்தியாசம் சந்தூக்குக்குக் கிடையாது. மற்ற இடங்களில் ஒரு சாவுக்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் பார்த்தவர்களுக்கு, சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்து ஆட்கள் கையிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பும் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். 2020, 2021 கொரோனா அலைகளில் முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் எல்லா மதத்துப் பிணங்களையும் எடுத்து அடக்கம் செய்தார்கள் என்றால், அந்தப் பழக்கம் மஹல்லாவில் கற்றது.

வரவு எங்கிருந்து என்று பார்த்தால், தலைக்கட்டுச் சந்தா, வெள்ளிக்கிழமை வசூல், பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் வாடகை, ரமலான் மாத நன்கொடை. கடை வாடகை பல ஊர்களில் பழைய வாடகையாகவே நிற்கிறது. குடியிருப்பவர் ஜமாஅத்தின் முக்கியப் புள்ளியாகவோ அவர் மைத்துனராகவோ இருப்பார். கேட்க முடியாது. இன்னொரு வரவு, இந்த வட்டாரத்துக்கே உரியது, அறுந்துபோயிற்று. பக்ரீத் குர்பானித் தோல்களை மதரஸாவுக்கும் ஏழைகளுக்கும் கொடுப்பது வழக்கம். தோல் பதனிடும் திண்டுக்கல் பக்கத்திலேயே இருந்ததால் அந்தக் காலத்தில் தோல் கைக்கு வந்த கணமே காசு. தோல் ஏற்றுமதி சரிந்து விலை விழுந்த பிறகு, வண்டி வைத்துச் சேகரிக்கும் செலவுக்குக்கூடத் தேறுவதில்லை. ஓதுகிற பிள்ளைகளின் வருடச் சாப்பாட்டில் ஒரு பகுதி இப்படி உலகச் சந்தையில் கரைந்தது.

நோன்புக் கஞ்சிக்கு அரசு பச்சரிசி தருகிறது. 2001இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கி, ஆட்சி மாறியும் நிற்காமல் ஏறத்தாழ 3,000 பள்ளிவாசல்களுக்குப் போகிறது. அரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கறி அல்லது வெறும் இஞ்சி பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்து பெரிய தேக்சாவில் கொதிக்கும் அந்தக் கஞ்சிக்கு, அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு வரும் வரிசையில் மற்ற சமூகத்துப் பிள்ளைகளும் நிற்பார்கள். 2020 ரமலானில் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தபோது கஞ்சி காய்ச்ச முடியவில்லை. அரிசியைத் தன்னார்வலர்கள் வீடுவீடாகக் கொடுக்க வேண்டும் என்று அரசு சொன்னது. எந்தத் தெருவில் எத்தனை வீடு என்ற பட்டியல் கையோடு இருந்தது பள்ளிவாசலிடம். தலைக்கட்டு நோட்டு ரேஷன் பட்டியலாக மாறிய வருடம் அது.

இத்தனையும் ஒரு சம்பளக்காரரின் தோளில் நிற்கிறது. பேஷ் இமாமை எல்லோரும் ஹஜ்ரத் என்பார்கள். பெயருக்குப் பின்னால் பாகவி என்றிருந்தால் வேலூர் பாக்கியாத்தில் படித்தவர், மன்பஈ என்றால் லால்பேட்டை, யூசுஃபி என்றால் நம் பேகம்பூர் யூசுஃபிய்யா. ஏழெட்டு வருடம் அரபும் ஃபிக்ஹும் படித்துவிட்டு வந்து, ஐந்து வேளையும் ஊரை விட்டு நகர முடியாமல், கடைச் சிப்பந்தி வாங்கும் கூலிக்கு நிற்கிறார். முன்பு வீட்டுக்கு ஒருநாள் என்று முறைவைத்து அவருக்குச் சாப்பாடு போகும். குடும்பத்தோடு தங்கும் இமாம்கள் வந்தபின் பல ஊர்களில் அது பணமாக மாறிவிட்டது. இமாம்களுக்கு வக்ஃப் (அறக்கொடைச் சொத்து) வாரியங்கள் ஊதியம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் சொன்னது. சின்ன ஊர்ப் பள்ளிகளில் அதன் பலன் எட்டவில்லை. நிர்வாகம் தருவதே சம்பளம். தமிழக அரசு 2009இல் உலமாக்களுக்கும் பள்ளிவாசல் பணியாளர்களுக்கும் நலவாரியம் அமைத்தது, பிறகு இருசக்கர வாகனம் வாங்க மானியமும் வந்தது. இமாமையாவது நாலு பேர் நினைக்கிறார்கள். ஃபஜ்ர் தொழுகைக்கு முன் எழுந்து கதவு திறந்து, ஹவுள் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, பாங்கு சொல்லி, சாவு வீட்டுக்குச் சந்தூக்கையும் கொண்டுபோகும் மோதினாரை யார் நினைக்கிறார்கள்? நிர்வாகக் கூட்டத்தில் டைல்ஸ் மாற்றுவதற்கு ஒரே நாளில் முடிவாகிறது, மோதினார் சம்பளம் அடுத்த கூட்டத்துக்குப் போகிறது.

மாலையில் ஓதும் பள்ளி நடக்கும். யஸ்ஸர்னல் குர்ஆன் கையில், தலையில் தொப்பியோ முக்காடோ, அலிஃப் பே தே சத்தம். ட்யூஷன் வகுப்புகளோடு போட்டி போட்டு நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மஃரிப் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது வாசலில் இன்னொரு கூட்டம் நிற்கும்: பயந்து அழும் கைக்குழந்தையோடு தாய்மார்கள், பெரும்பாலும் இந்துக்கள். ஹஜ்ரத் ஓதி ஊதிவிடுவார், தண்ணீர்ச் செம்பில் ஊதித் தருவார். தொழுதுவிட்டு வரும் பெரியவர்களும் நின்று குழந்தை முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். சமய நல்லிணக்க மாநாடுகளுக்கு நான் எதிரியல்ல. ஆனால் எந்த மாநாட்டுத் தீர்மானமும் இல்லாமல் தினமும் நடக்கும் இதைப் பழைய வழக்கங்களை எதிர்க்கும் தவ்ஹீத் இயக்க இளைஞர்கள் மார்க்கத்தில் இல்லாதது என்று கண்டிப்பதும், அடுத்த பக்கத்தில் சில இந்து அமைப்புகள் சந்தேகத்தோடு பார்ப்பதும் ஒரே காலத்தில் நடப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஊர் நாட்டாண்மையின் இன்னொரு முகத்தைத் தோப்பில் முஹம்மது மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் 1988லேயே எழுதிவிட்டார். பணக்கார முதலாளியின் கையில் பள்ளிவாசலும் மார்க்கமும் ஊர்ப் பிள்ளைகளின் படிப்பும் சிக்கிக்கொள்ளும் கதை. இன்று முத்தவல்லி என்னும் நிர்வாகியைத் தேர்தல் வைத்தும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வாக்குரிமை தலைக்கட்டுக்கு மட்டும்தான். சந்தா பாக்கி இருந்தால் அதுவும் பல இடங்களில் கிடையாது. பஞ்சாயத்து அதிகாரத்துக்கு நீதிமன்றம் எல்லை போட்டிருக்கிறது. மார்க்கத் தீர்ப்பான ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம், 2014இல். சென்னை அண்ணா சாலை மக்கா பள்ளிவாசலில் இயங்கிய ஷரீஅத் கவுன்சில் நீதிமன்றம்போல் செயல்படக்கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2016 டிசம்பரில். அடுத்த மாதமே, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தரும் தலாக் சான்று வெறும் கருத்து, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னது. இத்தனைக்கும் பிறகும் புருஷன் பெண்டாட்டிச் சண்டை முதலில் வருவது பள்ளிவாசலுக்குத்தான். வக்கீல் ஃபீஸ் இல்லை, வாய்தா இல்லை, இரண்டு குடும்பத்தையும் தெரிந்த ஆட்கள். பல சண்டைகள் அங்கேயே நல்லபடி முடிகின்றன. முடியாதவற்றில் அநியாயம் யாருக்கு என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த அறைக்குள் உட்காராதவருக்குத்தான்.

நோட்டின் பெரிய ஓட்டை அதுதான். விதவையோ கைவிடப்பட்டவளோ குடும்பத்தை நடத்தினாலும் தலைக்கட்டாக அவள் பெயர் ஏறுவது அபூர்வம். தகப்பன் அல்லது சகோதரன் பெயரின் கீழ் அவள் இருப்பாள். பஞ்சாயத்தில் அவள் வாழ்க்கையைப் பற்றி அவளுடைய மாமா பேசுவார். இதை எதிர்த்துப் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். கணவன் தரப்பையும் வரவழைத்து, பெண் சொல்வதைப் பெண்களே கேட்கும் சபை. பெண்களுக்கெனப் பள்ளிவாசல் கட்டுவோம் என்று அவர் சொன்னபோது எழுந்த கோபத்தைப் பார்த்தால், வலி எங்கே என்று புரியும். தொழுகைக்குப் பெண்கள் பள்ளிக்கு வரலாம் என்பதில் மார்க்கத் தடை இல்லை. அனைத்திந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020இல் உச்ச நீதிமன்றத்தில் அப்படி எழுதிக் கொடுத்தது. மதீனாவில் நபியின் பள்ளியிலும் பெண்கள் தொழுதார்கள். தவ்ஹீத் மர்கஸ்கள் (மையங்கள்) பெண்களுக்கு இடம் ஒதுக்கின. ராவுத்தர் ஊர்களின் பழைய பள்ளிகளில் பெண்கள் ரமலான் தராவீஹைக்கூட ஒரு வீட்டில் கூடித்தான் தொழுகிறார்கள். தொழும் இடத்தில் இடம் கிடைப்பதைவிட, தஃப்தரும் தகராறும் இருக்கும் அறையில் ஒரு நாற்காலி கிடைப்பதுதான் கடினம் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தில் தவ்ஹீத்காரர்களும் பழைய ஜமாஅத்தினரும் ஒரே அணி.

தவ்ஹீத் என்றதும் பிளவைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த இயக்கம் எண்பதுகளில் தொடங்கி, தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) 1995இலும் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் 2004இலும் உருவானபோது, விரலை அசைப்பதா, ஆமீனைச் சத்தமாகச் சொல்வதா, தராவீஹ் எட்டா இருபதா என்ற கேள்விகளில் ஊர்கள் இரண்டாயின. பல இடங்களில் எதிர்த்தவர் நோட்டிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கம் என்றால் நிக்காஹ் கடிதம் இல்லை, கபர்ஸ்தானில் குழி இல்லை. மய்யத்தை வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஓடிய கதைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. நீக்கப்பட்டவர்கள் தனி மர்கஸ் கட்டி, தனிப் பதிவேடு போட்டார்கள். இதில் நன்மையும் விளைந்தது: ஏகபோகம் போனதால் பழைய நிர்வாகங்கள் கணக்கை எழுதி வாசலில் ஒட்டத் தொடங்கின, அரபுக் குத்பா உரைக்கு முன் நடக்கும் தமிழ் பயான் (சொற்பொழிவு) கூர்மையானது.

இன்னொரு ஓட்டை புதியது. வேடசந்தூரைச் சுற்றிய நூற்பாலைகளில் பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. இதுபோன்ற ஆலை ஊர்களில் ஜும்ஆவில் பின் வரிசைகளை நிறைப்பவர்கள் இவர்களே. தமிழ் பயான் அவர்களுக்குப் புரியாது. ஆலை விடுதியில் தங்குபவருக்குத் தலைக்கட்டு ஏது? அவர் கட்டும் காசு உண்டியலில் விழும், நோட்டில் விழாது. இங்கேயே ஒருவர் இறந்தால் மனிதாபிமானத்தில் இடம் கொடுப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மனிதாபிமானம் வேறு, உரிமை வேறு. கடல் தாண்டிப் போன தமிழ் முஸ்லிம்களே இதற்கு எதிர்க்காட்சி. 1826இல் சிங்கப்பூரில் சூலியாக்கள் எனப்பட்ட அவர்கள் கட்டிய ஜாமிஆ பள்ளியில் இன்றும் தமிழில் பயான் நடக்கிறது. அந்த நாட்டில் 1975 முதல் ஒவ்வொரு முஸ்லிம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் மத்திய சேமநிதி வழியாகப் பள்ளிவாசல் நிதிக்குத் தொகை பிடிக்கிறார்கள். ஆரம்பத்தில் மாதம் 50 காசு. ஊர், குடும்பம், பூர்வீகம் எதுவும் கேட்பதில்லை. வேலை செய்கிறவர் உறுப்பினர். நம் ஊரில் அரசு கையால் அப்படிப் பிடிப்பது நடக்காது, நடக்கவும் கூடாது. ஆனால் சந்தா கட்டும் தனிஆள் என்று ஒரு பக்கத்தை நோட்டில் திறக்க எந்த அரசும் தேவையில்லை.

இப்போது எல்லா நிர்வாகத்தையும் ஆட்டிவைப்பது வேறு ஏடு: சொத்துப் பத்திரம். மதுரை கோரிப்பாளையத்தில், பாண்டியன் விட்ட ஆறு கிராம மானியத்தை வீரப்ப நாயக்கர் 1573இல் உறுதிப்படுத்தியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அந்தளவு அதிர்ஷ்டம் எல்லாப் பள்ளிக்கும் இல்லை. ஒரு ராவுத்தர் வாய்வார்த்தையில் விட்ட அரை ஏக்கர், பத்திரம் இல்லாத கபர்ஸ்தான், தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டா என்றுதான் சின்ன ஊர்களின் நிலை. 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம், நீண்ட காலப் பயன்பாட்டால் மட்டுமே வக்ஃப் ஆகும் வழியை இனிமேலுக்கு அடைத்தது. எல்லா வக்ஃப் சொத்தையும் ஆறு மாதத்தில் உமீத் என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்றது. தமிழகச் சட்டமன்றம் முன்பே அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 15 அன்று சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, பதிவேற்றத்தை நிறுத்தவில்லை. டிசம்பரில் கால நீட்டிப்பு கேட்டவர்களைத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. சட்டத்தின் நோக்கத்தின்மேல் முஸ்லிம்களுக்குள்ள அச்சம் நியாயமானது. ஆவணத்தில் நம் பக்கத்துச் சோம்பலும் உண்மை. 2022இல் திருச்சி திருச்செந்துறையில் ஊர் நிலத்தையே வக்ஃப் என்று வாரியம் சொன்னதாகக் கிளம்பிய சர்ச்சையின்போது, ஒழுங்கான அளவையும் பதிவும் இல்லாததன் விலையை இரண்டு தரப்பும் கொடுத்தன.

அதனால் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் இஷா தொழுகைக்குப் பிறகு, கம்ப்யூட்டர் தெரிந்த கல்லூரிப் பையன்கள் நிர்வாகிகளோடு உட்கார்ந்து பட்டா எண்ணையும் சர்வே எண்ணையும் தேடுகிறார்கள். முத்தவல்லியின் பேரனுக்கு இருக்கும் கடவுச்சொல் முத்தவல்லிக்குத் தெரியாது. முதன்முறையாக அலமாரி திறந்திருக்கிறது. தலைக்கட்டு நோட்டு, தஃப்தர், வாடகைக் கணக்கு எல்லாமே வெளியே வந்து கிடக்கின்றன. யாருக்கு எவ்வளவு வாடகை என்று அந்தப் பையன்களும் படிக்கிறார்கள். அடுத்த பொதுக்குழுவில் கேள்வி கேட்க அவர்களுக்கு வாக்கு கிடையாது, இன்னும் தலைக்கட்டு ஆகவில்லை.